வாசலில் கிடந்த செருப்பு

மாலை மயங்கும் வேளையில் எங்கள் வீட்டு வாசலில் எவரேனும் வந்து நின்று, "தலைவரம்மா இருக்காங்களா?" என்று கேட்டால், எங்கள் மகள் கதவருகே சென்று, "அம்மா இல்லை, ஒன்றிய ஆபீசுக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்புவாள். அவளுக்கு அப்போது வயது ஒன்பது. அவள் சொன்ன அம்மாவோ உள்ளறையில் இருப்பார். தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார், அல்லது மகளுக்கே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்து பாதியில் நிறுத்தியிருப்பார். அந்தப் பொய்யை அவளுக்குக் கற்பித்தவர்கள் நாங்கள்.

கணவனும் மனைவியுமாக இதனை எழுதுகிறோம். எழுதுகோல் ஒருவர் கையில் இருந்தாலும் நினைவு இருவருக்கும் பொதுவானது. யார் எதைச் செய்தோம் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடங்களில் மட்டும் தாய் என்றும் தந்தை என்றும் குறித்துக்கொள்கிறோம்.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், அதனையொட்டி 1994-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், உள்ளாட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கினைப் பெண்களுக்கென ஒதுக்கின. 1996 அக்டோபரில் தேர்தல் நடைபெற்றது. எங்கள் ஊராட்சியின் தலைவர் பதவி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. பல ஊர்களில் நடந்ததே எங்கள் ஊரிலும் நடந்தது. தலைவராக விரும்பிய ஆண்கள் தங்கள் மனைவியரின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் சிலர் வீட்டுக்கு வந்து, "தையல் வகுப்புக்குக் கணக்கு எழுதுகிற நீங்களே நில்லுங்கள்" என்று கேட்டார்கள். ஓரிரவு முழுவதும் செபித்தோம் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் ஓரிரவு முழுவதும் விவாதித்தோம். மகன் ஒன்றாம் வகுப்பில் கூடச் சேரவில்லை. பொதுநிலையினர் அரசியல் வாழ்வினின்று ஒதுங்கிவிடலாகாது என்று இரண்டாம் அருள் சின்னப்பர் 1988-இல் எழுதியதைப் பங்கில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் கேட்டிருந்தோம். கேட்டபோது அது வேறு யாருக்கோ சொல்லப்பட்டதாகத் தோன்றியது. இப்போது அது எங்கள் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தது.

வெற்றி பெற்ற முதல் மாதத்திலேயே ஓர் உண்மை விளங்கிற்று. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதனைக் கூட்டங்களின் சுமை என்று எண்ணுவார்கள். கூட்டம் பெரிய சுமையன்று. ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும் நாள் முன்னரே தெரியும். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுச் செல்லலாம். சுமையெல்லாம் வாசலில் இருந்தது. எங்கள் ஊரில் பெரும்பாலோர் கூலிக்குப் போகிறவர்கள். விடியுமுன் வயலுக்கோ செங்கற்சூளைக்கோ புறப்பட்டுவிட்டால் இருட்டிய பின்னரே திரும்புவார்கள். ஆகவே தலைவரைப் பார்க்க அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் காலை ஆறு முதல் எட்டு வரையும், மாலை ஆறு முதல் ஒன்பது வரையுந்தான். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் வீட்டில் விழித்திருக்கும் நேரமும் அதுவேதான். ஊருக்கும் பிள்ளைகளுக்கும் எங்களிடம் இருந்தது ஒரே மணிக்கூறு. ஆசிரியப் பணியில் இருந்த தந்தைக்குப் பள்ளி மணி அடித்தால் வேலை முடிந்தது. மக்கள் வாக்களித்துத் தந்த வேலைக்கு அப்படி மணியடிப்பார் ஒருவருமில்லை.

தெருவிளக்கு எரியவில்லை, அடிகுழாயில் தண்ணீர் வரவில்லை, வீட்டுவரி ரசீதில் பெயர் தவறு, மாமியார் அடித்துவிட்டாள், மருமகள் அடித்துவிட்டாள் என்று வருவார்கள். ஊராட்சிக்குத் தொடர்புள்ளது எது, இல்லாதது எது என்று அவர்கள் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. சோற்றுக் கையோடு எழுந்துபோய்ப் பேசிவிட்டு வந்தால், தட்டின் முன்னே மகன் தூங்கிப்போயிருப்பான். இரண்டு மாதம் இவ்வாறு கழிந்த பிறகுதான், ஏதோ ஒரு மாலையில், யார் முதலில் சொன்னோம் என்பது நினைவில்லை, "அம்மா இல்லைன்னு சொல்லிடு" என்ற சொல் எங்கள் வீட்டில் பிறந்தது. மறுநாள் அது பழக்கமாயிற்று. ஒரு வாரத்தில் சட்டமாயிற்று.

பொய் என்று அதனை நாங்கள் எண்ணவில்லை என்பதுதான் வியப்பு. பிள்ளைகளுக்காக எடுத்துக்கொண்ட நேரம் என்றே எண்ணினோம்.

தவக்காலத்தில் ஒருநாள் முதியவர் ஒருவர் வந்தார். முதியோர் உதவித்தொகைக்கான மனுவில் பரிந்துரைக் கையெழுத்து வேண்டி அதற்கு முன் இருமுறை வந்து திரும்பியவர். ஊரின் வடகோடியிலிருந்து, சரியாகப் பார்வை தெரியாத கண்களோடு, கோலூன்றி வருபவர். மகள் வழக்கம்போல் சொன்னாள். அவர் சற்று நேரம் நின்றார். பின்பு, "சரி பாப்பா, அம்மா வந்ததும் நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு" என்று கூறிவிட்டு நடந்தார். உள்ளே வந்த மகள் உடனே எதுவும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்துச் சொன்னாள்: "அம்மா, உங்க செருப்பு வாசல்லே கிடந்திச்சு. அந்தத் தாத்தா அதைப் பார்த்தாங்க."

அவ்வாண்டு அவள் புதுநன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். கன்னியர் மடத்தில் மறைக்கல்வி வகுப்பு நடந்தது. சில வாரங்களுக்குப் பின், முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்திய நாள் இரவு, குறிப்பேடும் பென்சிலுமாக அவள் எங்கள் முன் வந்து அமர்ந்தாள். தம்பியைக் கிள்ளியது, செபமாலையின்போது தூங்கியது, தோழியின் அழிப்பானைத் திருப்பித் தராதது என்று வரிசையாக எழுதியிருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா வீட்டுல இல்லைன்னு நான் சொன்னது என் பாவமா, உங்க பாவமா? சாமியார்கிட்டே நான் அதைச் சொல்லணுமா?"

இருபத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஊராட்சிக் கூட்டங்களில் எத்தனையோ கேள்விகளுக்கு மறுமொழி சொல்லியிருக்கிறோம். தணிக்கைக்கு வந்தவர்கள் கேட்டவற்றுக்கும் சொல்லியிருக்கிறோம். இதுபோல் ஒரு கேள்வி எங்களை நோக்கி வந்ததில்லை. "அது எங்களுடையது, கண்ணு. உன் தாளில் அதை எழுத வேண்டாம்" என்றார் தந்தை. அவள் நிம்மதியடைந்தவளாகத் தெரியவில்லை. மறுநாள் அவள் என்ன அறிக்கையிட்டாள் என்பதை நாங்கள் கேட்கவில்லை, கேட்கலாகாது. ஆனால் அதே வரிசையில், அவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, நாங்கள் இருவரும் நின்றோம்.

அன்று மாலையே தாய் வடகோடிக்கு நடந்துபோனார். முதியவரின் திண்ணையில் அமர்ந்து மனுவில் கையெழுத்திட்டு, செய்த தவற்றையும் சொன்னார். முதியவர் சினந்துகொள்ளவில்லை. "பிள்ளைக்குச் சோறு போடுற நேரம்னு சொல்லியிருந்தா, நான் திண்ணையிலே உக்காந்திருப்பேனே, தாயி. நானும் ஆறு பிள்ளை வளர்த்தவன்தானே" என்றார்.

இந்த ஒரு வாக்கியம் எங்களை வெகுநாள் உறங்கவிடவில்லை. மக்கள் பொறுக்கமாட்டார்கள் என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். அவர்களிடம் கேட்டுப்பார்க்கவேயில்லை. தலைவி என்பவள் தாயாகவும் இருக்கிறாள் என்பதை ஊரிடமிருந்து மறைக்க வேண்டிய குற்றமாக நாங்களே ஆக்கிவிட்டோம்.

நடந்ததையெல்லாம் பங்குத் தந்தையிடம் ஒருநாள் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, புனித தாமஸ் மோர் பற்றிப் பேசத் தொடங்கினார். அரசனைத் திருச்சபையின் தலைவன் என்று ஏற்க மறுத்து 1535-இல் தலை கொடுத்த மறைசாட்சி என்றே நாங்கள் அவரை அறிந்திருந்தோம். 1504-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், 1523-இல் மக்களவையின் தலைவராக அமர்ந்தவர், பிறகு நாட்டின் உயர்ந்த நீதிப் பதவியை வகித்தவர் என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. அவருக்கு மூன்று பெண்களும் ஓர் ஆணும். முதல் மனைவி 1511-இல் இறந்தபோது நால்வரும் சிறு குழந்தைகள். பெண் பிள்ளைகளுக்கு இலத்தீனும் கிரேக்கமும் தேவையில்லை என்று உலகம் எண்ணிய காலத்தில் தம் பெண்களுக்கு அவற்றைக் கற்பித்தவர் அவர். அரசுப் பணியாகக் குதிரைமேல் மழையிலும் சேற்றிலும் பயணம் செய்கையில் பிள்ளைகளுக்கென ஒரு கவிதைக் கடிதம் இயற்றியிருக்கிறார். தாம் அவர்களை அடித்த கோல் மயிற்பீலி மட்டுமே என்று அதில் நினைவூட்டுகிறாராம்.

எங்களைத் தொட்டது இன்னொரு செய்தி. 1516-இல் வெளியான 'உட்டோப்பியா' நூலின் முகப்பில், நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. நூல் முடியத் தாமதமானதற்குக் காரணம் சொல்கிறார். வழக்குகளையும் அலுவல்களையும் முடித்து வீடு திரும்பினால் மனைவியோடு உரையாட வேண்டும், பிள்ளைகளோடு பேசிக்களிக்க வேண்டும், பணியாட்களைக் கவனிக்க வேண்டும் என்று அடுக்கிவிட்டு, இவையனைத்தையும் தம் அலுவல்களின் கணக்கிலேயே வைப்பதாக எழுதுகிறார். செய்தே தீர வேண்டியவை ஆதலால் அவையும் அலுவலே என்பது அவர் கருத்து. பிள்ளைகளோடு பேசுவதை ஓய்வு என்றோ, அலுவலிலிருந்து திருடிய நேரம் என்றோ அவர் எண்ணவில்லை. நாங்கள் திருடிக்கொண்டிருந்தோம். திருடிய பொருளைத்தானே ஒளித்துவைக்க வேண்டும்?

(பணியாட்கள் நிறைந்த வீட்டில் இருந்தவர், மறுமணம் செய்துகொண்ட மனைவியின் தோளில் குடும்பப் பாரத்தில் பாதியை ஏற்றியவர் தாமஸ் மோர் என்பதும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தாய் இதனைப் பங்குத் தந்தையிடமே சொன்னார். அவர் அதற்கும் சிரித்தார்.)

மறுவாரம் தந்தை ஒரு பலகை செய்தார். பள்ளியில் கரும்பலகைக்கு எழுதிப் பழகிய கை. எழுத்து அழகாகவே அமைந்தது. 'காலை 6 முதல் 7 வரை, மாலை 7.30 முதல் 9 வரை காணலாம். மற்ற நேரம் தலைவர் பிள்ளைகளோடு இருக்கிறார். அவசரமெனில் கதவைத் தட்டுக' என்பது வாசகம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மகள் படித்துக் காட்டினாள். ஊர் சிரித்தது. தேநீர்க் கடையில், "ஆஸ்பத்திரி மாதிரி போர்டு மாட்டியிருக்காங்க" என்றார்கள். ஆனால் ஒரு மாதத்தில் பழகிவிட்டார்கள். முன்னதாக வந்தவர்கள் திண்ணையில் அமர்ந்து தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு சில வழக்குகள் அங்கேயே தீர்ந்து, தலைவரைப் பார்க்காமலே எழுந்துபோவதும் உண்டு.

தந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலுவலர்கள் தொடக்கத்தில் அவரிடமே எல்லாவற்றையும் பேசினார்கள். "நீங்க வந்தாப் போதும் சார், அம்மா கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்க" என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். தலைவரின் கணவருக்கு அச்சட்டத்தில் இடமில்லை என்பது பலருக்கு வருத்தமாகவே இருந்தது. உண்மையைச் சொன்னால், முதலில் தந்தைக்கும் அதில் ஆசை இல்லாமல் இல்லை. ஊராட்சி அலுவலகப் படியேறுவதில்லை என்று அவர் முடிவு செய்ததற்கு, மகளுக்குச் சடை பின்னவும் மகனுக்குச் சோறு வடிக்கவும் வீட்டில் ஆள் தேவைப்பட்டதே முதற்காரணம். கொள்கை பிற்பாடுதான் வந்தது. கோணல் வகிடெடுத்த தலையோடு மகள் பள்ளிக்குப் போனாள். முந்திய தலைவர்கள் ஆண்கள். அவர்களிடம் யாரும் "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தாயிடம் அது வாரத்துக்கு இருமுறை கேட்கப்பட்டது. கேட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பலகை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. மே மாதம் புதுநன்மைத் திருப்பலி. முந்திய நாள் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்று. கோடைக்காலம், மேல்நிலைத் தொட்டி வறண்டது. மோட்டாரைக் கழற்றி, காயில் கட்ட நகரத்துக்கு அனுப்பி, அது திரும்பும்வரை டிராக்டரில் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு செய்ய வேண்டும். தாய் திருப்பலிக்கு வந்தார். மகள் நற்கருணை வாங்குவதைப் பார்த்தார். இறுதி ஆசீருக்குப் பின் கோவில் முற்றத்தில் நிழற்படம் எடுத்தபோது அவர் இல்லை. குடங்களோடு இரண்டு தெருப் பெண்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த இடத்தில் இருந்தார். அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வெள்ளை உடையில் மகள், பக்கத்தில் தந்தை, தம்பி, பங்குத் தந்தை. தாய் நின்றிருக்க வேண்டிய இடத்தில் மறைக்கல்வி ஆசிரியை நிற்கிறார். படத்தை எடுத்துவிடலாமா என்று ஒருமுறை பேசினோம். மகள்தான் வேண்டாம் என்றாள்.

மகனோ வேறுவகை. அவன் கேள்வி கேட்பவனல்லன், செய்பவன். ஒருநாள் ஊராட்சித் தலைவரின் முத்திரையைக் காணவில்லை. வீடு முழுதும் தேடினோம், ஊராட்சி எழுத்தரைக்கூட ஐயுற்றோம். மூன்றாம் நாள் அரிசி டிரம்முக்குள் படி அளக்கும்போது அது கையில் தட்டுப்பட்டது. முத்திரை இல்லாவிட்டால் அம்மா வெளியே போகமாட்டார் என்று அவன் கணக்கிட்டிருந்தான். அடிக்க ஓங்கிய கை மயிற்பீலியாகிவிட்டது என்றால் மிகைதான், ஆனால் அடிக்கவில்லை.

அந்நாள்களில் சாமுவேலின் முதல் நூலை அடிக்கடி புரட்டினோம். சாமுவேல் ஆண்டுதோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று ஊர் ஊராகச் சென்று நீதி வழங்கி, பின் இராமாவிலிருந்த தம் வீட்டுக்குத் திரும்புவார் என்கிறது விவிலியம். அவர் எவரிடமும் கையூட்டுப் பெறவில்லை என்று மக்கள் எல்லாரும் சான்று பகர்ந்தார்கள். அவருடைய மைந்தர்கள் யோவேலும் அபியாவும் பெயேர்செபாவில் நீதித் தலைவர்களாகிக் கையூட்டு வாங்கினார்கள். தந்தை நேர்மையாளர், மைந்தர் அப்படியில்லை. இடையில் என்ன நடந்தது என்பதை விவிலியம் சொல்லவில்லை. மறையுரைகளில் இதற்குக் காரணம் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அந்த மௌனமே அச்சத்தைத் தந்தது. இராமாவுக்கு அவர் திரும்பிய இரவுகளில் பிள்ளைகள் விழித்திருந்தார்களா?

இன்று காலம் சற்று மாறியிருக்கிறது. பாகிஸ்தானின் பெனசீர் பூட்டோ 1990 சனவரியில், பிரதமராக இருக்கையிலேயே பெண் குழந்தை ஒன்றைப் பெற்றார். 2018-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் மகப்பேற்றுக்கென ஆறு வாரம் விடுப்பு எடுத்தார். சில வாரங்கள் கழித்துக் கைக்குழந்தையோடு ஐக்கிய நாடுகள் அவைக்கே சென்றார். குழந்தையின் தந்தை வீட்டிலிருந்து வளர்ப்பை ஏற்றார். செய்தித்தாளில் அப்படத்தைப் பார்த்தபோது, எங்கள் அடுத்த ஊராட்சித் தலைவி நினைவுக்கு வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஊராட்சி அலுவலக உத்தரத்தில் சேலையைத் தூளியாகக் கட்டிக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுத் தீர்மானங்களைப் படித்தவர் அவர். அவரை யாரும் படம் எடுக்கவில்லை.

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் இரண்டாம் அருள் சின்னப்பர், தாமஸ் மோரை அரசியலாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார். எங்கள் பதவிக்காலம் முடிய இன்னும் ஓராண்டு இருந்தது. 2001-இல் பொறுப்பை ஒப்படைத்தோம். சாவிக்கொத்து, பதிவேடுகள், முத்திரை. மகன்தான் முத்திரையைத் தன் கையால் எடுத்துக்கொடுத்தான். மறுபடியும் நிற்கவில்லை. பலகையைக் கழற்றிப் பரணில் போட்டோம்.

2016-இல் தமிழ்நாட்டில் பெண்களுக்கான ஒதுக்கீடு பாதியாக உயர்த்தப்பட்டது. 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் வந்தபோது, மகள் மணமாகிச் சென்ற ஊரின் தலைவர் பதவி பெண்களுக்குரியதாயிற்று. அவள் செவிலியாகப் பணியாற்றி, பிள்ளைகளுக்காக அதனை விட்டவள். ஊரார் அவளைத் தேடி வந்தார்கள். அவள் எங்களிடம் தொலைபேசியில் கேட்டாள். நில் என்று சொல்லவும் எங்களால் இயலவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் இயலவில்லை. "அந்த அஞ்சு வருஷத்துல உங்களுக்கு எதும்மா ஞாபகத்துல நிக்குது?" என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டி, வடகோடிச் சாலை, நூலகக் கட்டடம் என்று தாய் சொன்னார். "எனக்கு அந்தச் செருப்புதாம்மா ஞாபகம் வருது" என்றாள் அவள். குரலில் குறையேதும் இல்லை. சற்றுப் பொறுத்து, "சின்னவன் புதுநன்மை வாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றாள். வந்தவர்களிடமும் அதையே சொல்லி அனுப்பியிருக்கிறாள். அன்றிரவு நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசிக்கொள்ளவில்லை. பெருமைப்படுவதா, நாணுவதா என்று தெரியவில்லை.

அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்தது. அவ்வாண்டு மே மாதம் சின்னவன் புதுநன்மை வாங்கினான். நிழற்படத்தில் எல்லாரும் நிற்கிறோம். கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, பழைய பாத்திரம் ஏதோ தேடுவதாகச் சொல்லி மகள் பரணில் ஏறினாள். இறங்கும்போது கையில் அந்தப் பலகை இருந்தது. புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்துவிட்டு, எழுத்துக்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாலை ஏழரைங்கிறது சரிவராதுப்பா. சின்னவன் வீட்டுப்பாடம் முடிக்க எட்டாயிடும்" என்றாள்.

தந்தை வண்ணக் குப்பியைத் தேடப் போனார்.